மருந்துக்குச் சாகாத புழு உங்கள் பட்டிக்கு எப்படி வந்தது?

நாங்குநேரி பக்கத்திலிருந்து ஆடு வளர்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்ககிட்ட கன்னி ஆடும் கொஞ்சம் செம்மறியுமா முப்பது உருப்படி இருக்கு. மூணு மாசத்துக்கு ஒருக்கா தவறாம பூச்சி மருந்து ஊத்துதோம். போன கார்த்திகைல, ஊத்தி ஒரு மாசம்கூட ஆகல, தாடை வீங்கி ரெண்டு ஆடு செத்துப் போச்சு. டாக்டர் பாத்துட்டு, புழுவோட மரபணு மாறியிருக்கும்னு சொல்லுதாரு. பக்கத்து வீட்டு அண்ணாச்சி, ஆடு மருந்துக்குப் பழகிட்டு, வேற கம்பெனி மருந்து வாங்குன்னு சொல்லுதாரு. எது சரி? எங்க பட்டிப் புழுவுக்கு அப்படி ஒரு மாற்றம் எங்க இருந்து வந்துச்சு?"

தம்பி, டாக்டர் சொன்னதுதான் பெரும்பாலும் சரி; அதை உறுதி செய்யும் சோதனையைக் கடைசியில் சொல்கிறேன். ஆட்டின் உடம்பு பூச்சி மருந்துக்குப் பழகுவது கிடையாது. தனியாக ஒரு புழுவும் தன் ஆயுளில் பழகிக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை மருந்து ஊற்றும்போதும் சாகாமல் மிஞ்சிய புழுக்கள் எவையோ, அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று உங்கள் ஆடுகளின் வயிற்றில் இருக்கின்றன. கம்பெனியை மாற்றியும் பயனில்லை. பாட்டிலில் கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல், மெபெண்டசோல் எல்லாம் பென்சிமிடசோல் என்ற ஒரே குடும்பம். அதில் ஒன்றுக்குச் சாகாத புழு மற்றதற்கும் பெரும்பாலும் சாகாது.

தாடை வீக்கம் என்று நீங்கள் சொன்னதை வைத்து, இது ஹீமாங்கஸ் கன்டார்டஸ் என்ற இரத்தம் குடிக்கும் உருளைப்புழுவின் வேலை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். செத்த ஆட்டின் நான்காவது இரைப்பையைக் கீறி, உள்ளே இருப்பதை ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு அலசினால் வெறுங்கண்ணுக்கே தெரியும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் சிவப்பு நூல் துண்டுகளைப் போல நெளியும். பெண் புழுவை உற்றுப் பார்த்தால் இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளை நிறக் கருப்பை முறுக்கிக்கொண்டு போவது தெரியும். ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லி இரத்தத்தை இழக்க வைக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. 25 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்த இரத்தமே இரண்டு லிட்டருக்குள்தான். இரத்தத்தில் புரதம் குறைந்துபோவதால்தான் கீழ்த்தாடையில் நீர் கோத்துக்கொள்கிறது.

இந்தப் புழுவைப் பற்றி ஒரு விஷயத்தை மட்டும் மனதில் நிறுத்திக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். இது ஆட்டின் வயிற்றுக்குள் பெருகுவதில்லை. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். அத்தனையும் புழுக்கையோடு வெளியே வந்துவிடும். ஈரமும் சூடும் சேர்ந்து கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் முட்டை பொரிந்து, இரண்டு தோல் உரித்து, தொற்றும் பருவத்துப் புழுக்குஞ்சாகிப் புல்லின் ஈரத்தில் ஏறிக்கொள்ளும். அதை ஆடு மேய்ந்து விழுங்கினால்தான் அடுத்த தலைமுறை. விழுங்கிய மூன்றாவது வாரத்தில் அது முட்டையிடத் தொடங்கும். ஒரு ஆட்டுக்குள் இருக்கும் ஆயிரம் புழுவும் புல்லோடு வெளியிலிருந்து விழுங்கப்பட்டு உள்ளே போனவை. முப்பது ஆட்டுப் புழுவின் பிள்ளைகளும் மேய்ச்சல் நிலத்தில் கலந்து, மறுபடியும் முப்பது ஆட்டுக்குள் கலைந்து போகின்றன. ஆகவே உங்கள் பட்டியும் மேய்ச்சல் காடும் சேர்ந்துதான் ஒரே புழுக்கூட்டம். மரபணுக் கொடுக்கல் வாங்கல் அந்தக் கூட்டத்துக்குள்தான் நடக்கிறது.

இனி மரபணுவுக்கு வருவோம். புழுவின் உயிரணுவுக்குள் பீட்டா டியூபுலின் என்ற புரதம் இருக்கிறது. அது கோத்துக் கட்டும் நுண்குழாய்கள் வழியாகத்தான் உயிரணுவுக்குள் சத்துப் போக்குவரத்து நடக்கும். பென்சிமிடசோல் மருந்து இந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு குழாய் கட்டும் வேலையைக் கெடுத்துவிடும். புழு பட்டினியில் சாகும். அந்தப் புரதத்தின் 200ஆவது இடத்தில் ஃபினைல்அலனைன் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அதை எழுதிக் கொடுக்கும் மூன்று மரபணு எழுத்துகளில் நடு எழுத்து மட்டும் 'டி' என்பது 'ஏ' என்று மாறினால் அந்த இடத்துக்கு டைரோசின் வந்துவிடும். மருந்து ஒட்டாது, புரதம் மட்டும் தன் வேலையைக் குறைவில்லாமல் பார்க்கும். ஓர் எழுத்து மாற்றம், அவ்வளவுதான். 1994இல் இந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். பின்னர் 167, 198 ஆகிய இரண்டு இடங்களிலும் இதே பலனைத் தரும் மாற்றங்கள் தெரியவந்தன. இந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான தயாபெண்டசோல் 1961இல் விற்பனைக்கு வந்தது. 1964இலேயே அதற்குச் சாகாத ஹீமாங்கஸ் பதிவாகிவிட்டது.

"அப்படின்னா நான் பத்து வருஷமா ஊத்துன மருந்து இவ்வளவு நாள் எப்படி வேலை செஞ்சுது, இப்ப மட்டும் திடீர்னு ஏன் கேக்கல?" என்று அடுத்து கேட்பீர்கள். இதற்குப் பதில் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. 1908இல் ஹார்டி என்ற கணித அறிஞரும் வைன்பெர்க் என்ற மருத்துவரும் தனித்தனியே எழுதிவைத்த கணக்கு அது.

நம்மைப் போலவே புழுவுக்கும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு படி, அதாவது இரண்டு நகல்: தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று. மருந்தை முழு அளவில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு படியுமே மாறிய புழுதான் பிழைக்கும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் செத்துவிடும். கூட்டத்தில் நூறு படிக்கு ஒன்று மாறியது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் மாறிய புழு நூறில் ஒன்றின் நூறில் ஒன்று, அதாவது பத்தாயிரத்தில் ஒன்று. ஆட்டுக்கு ஆயிரம் வீதம் முப்பது ஆட்டில் 30,000 புழு. மருந்து ஊற்றினால் மிஞ்சுவது மூன்று. உங்கள் கண்ணுக்கு மருந்து பிரமாதம். மாறிய படி நூறில் பத்து ஆனால் பிழைக்கும் புழு நூறில் ஒன்று, மருந்து 99 சதவீதம் வேலை செய்கிறது. அப்போதும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நூறில் முப்பது ஆனால் பிழைப்பது ஒன்பது. ஐம்பது ஆனால் இருபத்தைந்து. மாற்றம் அடியில் சத்தமில்லாமல் ஏறி, ஒரு அளவைத் தாண்டியதும் ஒரே மழைக்காலத்தில் ஆடு சாகத் தொடங்கும். உங்களுக்குப் போன கார்த்திகையில் நடந்தது அந்தக் கடைசிக் கட்டமாகத்தான் இருக்கும். தொடக்கம் அதற்கு எத்தனையோ வருடம் முந்தியது.

இந்தக் கணக்கில் 'முழு அளவில் கொடுத்தால்' என்று ஒரு நிபந்தனை போட்டேன். அதை நம்மில் பலர் காப்பாற்றுவதில்லை. ஆட்டைக் கண்ணால் பார்த்து இருபது கிலோ என்று மதிப்போம், அது முப்பது இருக்கும். போதாததற்கு வெள்ளாட்டின் ஈரல் இந்த மருந்தைச் செம்மறியைவிட வேகமாகக் கழித்துவிடும். செம்மறி அளவை வெள்ளாட்டுக்கு ஊற்றினால் அது குறை அளவுதான். குறை அளவில் என்ன ஆகிறது? ஒரு படி மட்டும் மாறிய புழுவும் தப்பித்துவிடுகிறது. மாறிய படி நூறில் ஒன்று என்ற அதே நிலையில் இரண்டும் மாறியவை பத்தாயிரத்தில் ஒன்று என்றால், ஒன்று மட்டும் மாறியவை 198. மூன்று புழு மிஞ்ச வேண்டிய இடத்தில் அறுநூறு மிஞ்ச வழி திறந்துவிடுகிறோம். அரை மருந்து ஊற்றுவதற்கு ஊற்றாமலே விடலாம் என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் மந்தைக்கான அளவை டாக்டரிடம் எழுதி வாங்கி, மந்தையிலேயே கனமான ஆட்டை எடை போட்டு அதற்கேற்ப அளந்து ஊற்றுங்கள். சினைக்கு விட்ட முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுக்கவே கூடாது, குட்டி ஊனமாகப் பிறக்கும்.

சரி, முதல் மாற்றம் எங்கிருந்து வந்தது என்ற உங்கள் கேள்விக்கு இரண்டு பதில் உண்டு, இரண்டும் உண்மை.

ஒன்று, உங்கள் பட்டியிலேயே பிறந்திருக்கலாம். 15,000 பெண் புழு, தலைக்கு ஐயாயிரம் முட்டை என்றாலே ஒரு நாளைக்கு ஏழரைக் கோடி முட்டை உங்கள் நிலத்தில் விழுகிறது. இந்தப் புழுவின் உறவுமுறையான சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற, மண்ணில் வாழும் நூற்புழுவில் மரபணு எழுத்து மாறும் வேகத்தை அளந்திருக்கிறார்கள். அதை வைத்துத் தோராயமாகப் போட்டுப் பார்த்தால், உங்கள் பட்டியில் மட்டும் வாரத்துக்கு ஒரு முட்டையிலாவது அந்தக் குறிப்பிட்ட எழுத்து தானாக மாறியிருக்கும். மருந்து அதை உண்டாக்குவதில்லை. பிறந்தவற்றில் அநேகமாக எல்லாமே வெயிலில் கருகியோ ஆட்டின் வாய்க்கு எட்டாமலோ அழிந்துபோகும். மருந்தடித்த ஒரு பருவத்தில் ஒன்று தப்பினால் போதும்.

இரண்டாவது, விலைக்கு வாங்கிய ஆட்டோடு வந்திருக்கலாம். இதற்கு நம் பகுதிக்கே பொருந்தும் சான்று இருக்கிறது. தென்னிந்தியாவில் 23 இடங்களின் செம்மறி, வெள்ளாடுகளிலிருந்து இந்தப் புழுவைச் சேகரித்து மரபணுவைப் படித்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. 18 இடங்களில் 200ஆவது இட மாற்றம் இருந்தது, இடத்துக்கு இடம் 9 சதவீதத்திலிருந்து 84 சதவீதம் வரை. மேலே போட்ட கணக்கை இதில் பொருத்திப் பாருங்கள். 9 சதவீதம் உள்ள ஊரில் பிழைக்கும் புழு நூறில் ஒன்றுக்கும் குறைவு, அங்கே ஆடு வளர்ப்பவர் மருந்தை மனதாரப் பாராட்டுவார். 84 சதவீதம் உள்ள ஊரில் பத்துக்கு ஏழு புழு பிழைக்கும். 198ஆவது இட மாற்றம் 8 இடங்களில் இருந்தது.

அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது அடுத்த பகுதிதான். மாறிய எழுத்தை மட்டும் பார்க்காமல் அதற்கு இருபுறமும் உள்ள எழுத்துகளையும் சேர்த்துப் படித்தார்கள். பத்திரத்துக்கு நகல் எடுக்கும்போது ஒரே மூலத்தைப் பார்த்து எழுதிய நகல்களில் எல்லாம் ஒரே இடத்தில் ஒரே பிழைகள் இருக்கும் அல்லவா, அப்படி அக்கம்பக்க எழுத்தும் ஒத்துப்போனால் அந்த மரபணுப் படிகள் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. 200ஆவது இட மாற்றம் குறைந்தது மூன்று தனித்தனி மூலங்களிலிருந்து பிறந்திருந்தது. 198ஆவது இட மாற்றமோ அந்த எட்டு இடங்களிலும் ஒரே மூலம். மருந்துக்குச் சாகும் புழுக்களின் மரபணு இந்தப் பகுதியில் அத்தனை வகைப்பட்டது. அப்படியிருக்க இது மட்டும் எங்கும் ஒரே வடிவில் இருக்கிறது என்றால், எங்கோ ஒரு முறை பிறந்து ஊர் ஊராகப் போயிருக்கிறது என்றுதான் பொருள். 12 இடத்துப் புழுக்களை எட்டு மரபணுக் குறிகளை வைத்து ஒப்பிட்டபோது இடத்துக்கு இடம் வேற்றுமையே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் கலந்திருந்தன. செம்மறியின் புழு, வெள்ளாட்டின் புழு என்ற பிரிவும் இல்லை.

புழுவுக்குக் கால் கிடையாது. புல்லில் சில அங்குலம் ஏறுவதோடு அதன் நடை முடிந்தது. அதை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது ஆடும், ஆட்டை ஏற்றிக்கொண்டு போகும் நாமும்தான். 1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை அழகாகக் காட்டியது. கால்நடைகளின் வயிற்றுப்புழுக்கள் மாநிலம் விட்டு மாநிலம் கலந்து ஒரே கூட்டமாகக் கிடந்தன. காட்டு மான்களின் புழுக்கள் மட்டும் தூரம் கூடக் கூட வேறுபட்டுக்கொண்டே போயின. மானை யாரும் லாரியில் ஏற்றுவதில்லை.

நம் சீமையில் செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தையையும் சனிக்கிழமை எட்டயபுரம் சந்தையையும் நினைத்துப் பாருங்கள். பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் எத்தனை வண்டி, எத்தனை ஊர் ஆடு! பெரும்பாலும் கறிக்குப் போகும். ஆனால் நல்ல பெட்டைக்குட்டியும் கிடாயும் வளர்ப்புக்குப் போகும். கோவில்பட்டி கரிசலில் வளர்ந்த கிடா இராதாபுரத்துத் தேரிக்காட்டில் போய் நிற்கும். அதன் வயிற்றில் நூறு புழு இருந்து, அதில் ஐம்பது பெண் என்றால், பட்டிக்குள் வந்த முதல் நாளே இரண்டரை லட்சம் முட்டையை இறக்கிவிடும்.

கிடை ஆடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிடைக்காரர்கள்தான் நோயைப் பரப்புகிறார்கள் என்று சிலர் பேசுவது எனக்கு ஏற்புடையதல்ல. பிசானப் பருவத்து நெல்லை அறுத்ததும் தாமிரபரணிப் பாசன வயல்களில் கிடை போடுவார்கள், அதாவது எருவுக்காக மந்தையை இரவில் வயலில் அடைப்பார்கள். ஓரிரு இரவு ஒரு வயல், பிறகு அடுத்தது. முட்டை பொரிந்து தொற்றும் பருவத்துக்கு வர ஒரு வாரம் வேண்டும், அதற்குள் மந்தை நான்கு வயல் தாண்டியிருக்கும், வயலும் உழவுக்குப் போய்விடும். நடமாடும் மந்தை தன் புழுவையே பின்னால் விட்டுவிட்டுப் போகிறது. கிடை மேய்க்கும் கீதாரிகளின் மந்தை போகும் வழியெங்கும் புழுவின் மரபணு கலப்பதும் உண்மை, புழுச்சுமை குறைவதும் உண்மை. இதற்கு நேர்மாறு, ஒரே தோப்பில் வேலி போட்டு வருடம் முழுக்க அடைத்து மேய்ப்பது. இன்றைய புதுப்பண்ணைகளில் பல அப்படித்தான் இருக்கின்றன, மருந்து அதிகம் செலவாவதும் அங்கேதான்.

இப்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும்? முதலில், எல்லா ஆட்டுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ற அட்டவணையைக் கைவிடுங்கள். ஒரு காலத்தில் நல்ல எண்ணத்தோடு சொல்லப்பட்டதுதான், ஆனால் அதன் காலம் முடிந்துவிட்டது என்பது என் தீர்மானமான கருத்து. மருந்து படாத புழுக்கள் கொஞ்சமாவது கூட்டத்தில் இருக்க வேண்டும். அவைதான் மருந்துக்குச் சாகும் மரபணுவைக் காப்பாற்றி வைத்திருப்பவை. மருந்து ஊற்றாத ஆட்டின் வயிற்றிலும் மேய்ச்சல் புல்லிலும் இருக்கும் அந்தப் புழுக்கள், தப்பிப் பிழைத்தவற்றோடு இணைந்தால் பிறப்பது ஒரு படி மட்டும் மாறிய பிள்ளைகள். அவை அடுத்த முழு அளவில் சாகும்.

இதில் நம் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புல்லெல்லாம் புழுக்குஞ்சு, அவற்றின் மேல் மருந்து படுவதில்லை. சித்திரை, வைகாசியில் நாங்குநேரி, திசையன்விளைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் புல்லே இருக்காது, தரையில் கிடப்பவை காய்ந்து செத்திருக்கும். அந்த நேரத்தில் உயிரோடு இருக்கும் புழு கிட்டத்தட்ட எல்லாமே ஆட்டு வயிற்றுக்குள்தான். அப்போது முப்பது ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றினால், மழை வந்ததும் காட்டை நிரப்பப் போவது மருந்தில் பிழைத்தவற்றின் வாரிசுகள் மட்டுமே. கோடையில் மந்தை முழுக்க மருந்து ஊற்றுவதை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான்.

யாருக்கு ஊற்றுவது என்று கண் சொல்லிவிடும். கீழ் இமையை விரலால் இறக்கி உள்பக்க நிறத்தைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையில் நல்ல சிவப்பிலிருந்து வெளிறிய வெள்ளை வரை ஐந்து நிறம் உண்டு. ஒன்று, இரண்டுக்கு மருந்து வேண்டாம். நான்கு, ஐந்துக்கு உடனே வேண்டும். மூன்று என்றால் சினை ஆடு, குட்டி, மெலிந்த ஆடு ஆகியவற்றுக்குக் கொடுங்கள். பெரும்பாலான புழுவை மந்தையில் ஒரு சில ஆடுகளே சுமந்துகொண்டிருக்கும், அவை இந்தச் சோதனையில் சிக்கிவிடும். திரும்பத் திரும்ப வெளிறும் ஆட்டின் குட்டியை வளர்ப்புக்கு வைக்காதீர்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: குளத்துப் படுகையில் மேயும் ஆட்டுக்கு ஈரல் தட்டைப்புழுவாலும், உண்ணி மொய்த்த ஆட்டுக்கு அதனாலும் கண் வெளிறும். சந்தேகம் வந்தால் புழுக்கையைச் சோதித்துவிடுங்கள்.

மாற்று மருந்து என்றால் லெவமிசோல், ஐவர்மெக்டின், குளோசான்டெல் ஆகியவை வெவ்வேறு குடும்பம், புழுவை வேறு இடத்தில் தாக்குபவை. எது, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஐவர்மெக்டினில் ஒரு கவனம் வேண்டும்: சொறிக்கும் உண்ணிக்கும் என்று ஊசி போடும் ஒவ்வொரு தடவையும் வயிற்றுப்புழுவிலும் சாகாதவற்றை மட்டும் சலித்தெடுக்கும் அதே வேலை நடக்கிறது. அதற்கும் சாகாத புழு உலகில் பல இடங்களில் வந்தாயிற்று, பென்சிமிடசோலில் செய்ததையே அதிலும் செய்யக் கூடாது. இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் குடற்புழு மாத்திரையும் அல்பெண்டசோல்தான் என்பதால் வீட்டில் யாராவது பயப்படலாம். ஆட்டின் புழு வேறு இனம், அதன் மரபணு மனிதரின் குடற்புழுவுக்குப் போகாது. மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள்.

சந்தையிலிருந்து ஆடு வந்தால் நேரே மந்தையில் விடாதீர்கள். தனியாகக் கட்டி, இரண்டு வேறு குடும்பத்து மருந்துகளை டாக்டர் சொல்லும் அளவில் கொடுத்து, இரண்டு வாரம் வெட்டிப்போட்ட தழையிலேயே வையுங்கள். அந்தப் புழுக்கையை எருக்குழியில் மூடிப் போடுங்கள், மேய்ச்சலில் கொட்டாதீர்கள். பதினான்காம் நாள் புழுக்கையில் முட்டை இல்லையென்று தெரிந்தபின், மற்ற ஆடுகள் மேய்ந்த இடத்தில் விடுங்கள், சுத்தமான புது நிலத்தில் விட வேண்டாம். தப்பியது ஒன்றிரண்டு இருந்தாலும் உங்கள் நிலத்துப் புழுக்கூட்டத்தில் கரைந்துபோகட்டும்.

இதையெல்லாம் தொடங்கும் முன் இப்போதைய மருந்து உங்கள் பட்டியில் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்துவிடுங்கள். மருந்து ஊற்றும் நாளில் பத்துப் பதினைந்து ஆட்டின் புழுக்கையைத் தரையிலிருந்து பொறுக்காமல், ஆசனவாயிலிருந்தே எடுத்து, ஆட்டுக்கு ஒரு பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, ஆட்டின் அடையாளத்தை எழுதுங்கள். குளிர்ச்சியாக அன்றே கொண்டுபோக வேண்டும், நம் வெயிலில் மறுநாளே முட்டை பொரிந்துவிடும். இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முதலில் உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்திலேயே கேட்டுப் பாருங்கள். நான்கு கிராம் புழுக்கையை 56 மில்லி நிறைவுற்ற உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்டி, மெக்மாஸ்டர் என்ற கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லில் விட்டால் முட்டைகள் மேலே மிதக்கும். இரண்டு கட்டத்திலும் எண்ணியதை 50ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று வரும். பத்து முதல் பதினான்கு நாள் கழித்து அதே ஆடுகளின் புழுக்கையை மறுபடியும் கொடுங்கள். முதலில் சராசரி 2,000 இருந்து, இரண்டாவதில் 100க்குள் இறங்கியிருந்தால் மருந்து உங்கள் பட்டியில் இன்னும் கேட்கிறது, ஆடு செத்ததற்கு அளவிலோ வேறு நோயிலோ காரணம் தேட வேண்டும். 100க்கு மேல் நின்றால் டாக்டர் சந்தேகப்பட்டது சரி, அந்த இரண்டு எண்ணையும் எழுதிக்கொண்டு அவரிடமே போய் அடுத்த மருந்தைக் கேளுங்கள்.